முப்பத்தேழாவது படம்

ஆகஸ்ட் 7, ஞாயிறு

சிவப்புச் செம்பருத்தியை எனக்குப் பிடிக்காது. இதை எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்பதற்காகவே இன்று ஆரம்பிக்கிறேன். இவை என் வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்கள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பத்து மணிக்குமேல் எந்த விளக்கு எரிந்தாலும் அப்பா ஏன் என்று கேட்பார். இந்த ஒரு விளக்கைக் கேட்கமாட்டார். கேட்டாலும் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்பா வங்கி மேலாளர். ஆனால் சேலத்தில் பாதிப் பேர் அவரைப் 'பூப்படம் தணிகாசலம்' என்றுதான் சொல்வார்கள். அவர் போடுவது ஸ்லைடு பிலிம். மெட்ராசுக்குத் தபாலில் அனுப்பினால் கழுவி, ஒவ்வொரு படத்தையும் மூலையில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளை அட்டைச் சட்டத்துக்குள் வைத்துப் பெட்டியாகத் திருப்பி அனுப்புவார்கள். புரொஜெக்டரில் போட்டால் சுவர் முழுக்கப் பூ. போட்டோ சங்கத்தில் மாதம் ஒரு ஞாயிறு அதுதான் நடக்கும்.

மஞ்சள், ஊதா, வெள்ளை எல்லாம் அப்பாவுக்கு அடங்கிவிட்டன. சிவப்பு அடங்கவில்லை. கண்ணால் பார்த்தால் செம்பருத்தி இதழில் நரம்பு தெரியும், சுருக்கம் தெரியும், ஓரத்தில் எறும்பு கடித்த பல் அடையாளம்கூடத் தெரியும். பிலிமில் வந்தால் எல்லாம் போய் ஒரே சிவப்புத் திட்டு. அதற்காக மூன்று மாதமாக எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் செத்துக்கொண்டிருக்கின்றன. செடி பக்கத்தில் நான் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் ஒவ்வொரு படத்துக்கும் எண்ணையும் குறிப்பையும் சொல்வார், நான் இன்னொரு கையால் நோட்டில் எழுத வேண்டும். முப்பத்தாறு ஆனதும் பிலிமைச் சுற்றிவைப்பதும் நான்தான்.

"கை ஆடுது. எரும, கை ஆடுது பாரு. உங்கம்மா பெத்தது உங்கம்மா மாதிரியேதான் இருக்கும்."

இன்று மட்டும் இதை ஐந்து தடவை சொன்னார். பன்னிரண்டாவது படத்துக்குக் குடை கொஞ்சம் நகர்ந்துவிட்டது. காற்று.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

சங்கத்தில் அப்பாவின் பன்னிரண்டாவது படத்தைக் காட்டினார்கள். இலையெல்லாம் தெளிவு. நடுவில் பூ இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒன்று. சங்கத் தலைவர் பல் டாக்டர் அருளப்பன் எதற்கும் சிரிப்பவர்.

"தணிகாசலம் சார், இது பூவா, இல்ல குங்குமச் சிமிழ் கொட்டிருச்சா?"

முப்பது பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தோம். அம்மா வாசலில் நின்று, "என்னங்க, படம் நல்லா இருந்துச்சாங்களா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள்? முகத்தைப் பார்த்தாலே தெரியாதா?

அப்பா ரேடியோவைச் சத்தமாக வைத்தார். நான் வேதியியல் படித்தேன். அம்மா பின்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 22, திங்கள்

நல்ல வெயில். துணி சீக்கிரம் காய்ந்தது.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

ராசிபுரத்திலிருந்து குழந்தைவேல் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். அம்மாவுக்கென்று இருக்கும் ஒரே ஆள். நெய் ஒரு தூக்கு, எனக்கு வளையல், அப்பாவுக்குச் செடிக்குப் போட எலும்புத்தூள் ஒரு பை.

அப்பா குளிக்கப் போயிருந்தபோது அம்மா அடுப்படியில் மாமாவிடம் முழங்கைக்கு மேலே முந்தானையை விலக்கிக் காட்டினாள். ஒரு வாரம் ஆகிவிட்டதால் எல்லாம் கலங்கி, பழுப்பும் பச்சையுமாக இருந்தது.

"வழுக்கி விழுந்தேன்னு சொல்றதுக்கு இல்லீங்கண்ணா" என்று அம்மா சொன்னாள். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்ல வந்தது.

மாமா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அக்கி மாதிரியில்ல இருக்குது மங்கா? காவிக்கல்லு உரசிப் போடு. மாப்ள பூவுக்கே குடை புடிக்கிற மனுஷன். அவரு கை நீட்டுவாரா? நீயா எதையாச்சும் மனசுல வச்சுக்காத சாமி."

பூவுக்குக் குடை பிடிப்பது நான். அதை மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "என்ன மச்சான், அண்ணனும் தங்கச்சியும் ரகசியம்?" என்று சிரித்தார். மாமாவும் சிரித்தார். நெய்யை ஊற்றிக்கொண்டு மூன்று தோசை சாப்பிட்டார். எனக்கு மாமாவை அந்தத் தூக்காலேயே அடிக்க வேண்டும்போல் இருந்தது.

செப்டம்பர் 6, செவ்வாய்

அம்மா வழுக்கி விழவில்லை. இன்றும் விழவில்லை. ஆகஸ்ட் 21-ஆம் தேதியும் விழவில்லை. நான் பொய் எழுதியிருக்கிறேன். இந்த நோட்டை அப்பா எடுத்துப் படித்தால் என்ன ஆகும் என்று பயந்து எழுதினேன். இனிமேல் பயந்துகொண்டேதான் எழுதுவேன். ஆனால் பொய் எழுதமாட்டேன்.

ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய். அதை இரண்டாக மடித்துக்கொள்வார். அது பட்ட இடத்தில் ஒரு கோடு வராது. இரண்டு கோடு வரும். இரண்டும் சிவந்திருக்கும், நடுவில் வெளுத்திருக்கும். முதல் இரண்டு நாள்தான் இப்படித் தெரியும். அப்புறம் எல்லாம் ஒன்றாகக் கலந்துபோகும். மாமா வருகிற அன்று அக்கியாகிவிடும்.

முதல் இரண்டு நாளுக்குள் யாராவது பார்த்தால்? யார் வருவார்கள்?

செப்டம்பர் 7, புதன்

அப்பாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். முப்பத்தாறு படப் பிலிமில் முப்பத்தேழாவது ஒன்றும் வரும். சுற்றிவைப்பது நான் அல்லவா? முப்பத்தாறு முடிந்த பிறகும் பிலிமைத் தள்ளும் லிவர் இன்னொரு தடவை முழுசாக நகரும். அப்பா நகர்த்தமாட்டார். ஒரு முறை பிலிம் உள்ளே கிழிந்துவிட்டதாம். அதிலிருந்து முப்பத்தாறு என்றால் முப்பத்தாறுதான்.

காலையில் முப்பத்தாறாவது செம்பருத்தியை எடுத்துவிட்டு, "சுத்தி டப்பால போட்டு வை. பள்ளிக்கூடம் போற வழியில ரிஜிஸ்டர் தபால்ல போட்டுரு" என்று சொல்லிவிட்டு வங்கிக்குப் போனார்.

அம்மா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கை மேலே தூக்கியிருந்தது. நல்ல வெயில். அவளுக்குச் சொல்லாமல் எடுத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"என்னடி அது?"

"ஒண்ணுமில்ல. சுத்திப் பாத்தேன்."

செப்டம்பர் 17, சனி

பெட்டி வந்தது. அப்பாவுக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை, இரண்டு மணிக்கு வருவார். அவர் வருவதற்குள் முப்பத்தேழை எடுத்துவிட வேண்டும். பெட்டியைச் சுற்றி ஒட்டிய தாள் கிழிந்தால் நான் செத்தேன். அம்மா மறுநாளைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். காலையில் இட்லி வேக வைத்த குண்டானில் தண்ணீரைத் திரும்பக் கொதிக்க வைத்து, ஆவியில் பெட்டியைக் காட்டினேன். தாள் தானாக எழுந்துகொண்டது. படத்தை எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டினேன். அம்மா ஆட்டுக்கல்லை நிறுத்தாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். புடவை தெளிவு. கொடிக்கயிற்றின் முறுக்குகூடத் தெளிவு. அம்மாவின் கை மட்டும் பளீரென்று வெளுத்து, அதில் ஒரு சிவப்புத் திட்டு. கோடு இல்லை, நடுவில் வெளுப்பு இல்லை, ஒன்றும் இல்லை. குங்குமச் சிமிழ் கொட்டின மாதிரி இருந்தது.

மாமா இதைப் பார்த்தாலும் காவிக்கல்லைத்தான் தேடுவார்.

செப்டம்பர் 18, ஞாயிறு

அப்பா குறிப்பு நோட்டில் என் கையெழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று மாதமாக எழுதியிருக்கிறேன், ஒரு வரிகூடப் படித்ததில்லை. இன்று படித்தேன்.

நேர் வெயில் சிவப்பைக் கொன்றுவிடும். மேகம் மூடிய நேரம், அல்லது குடை நிழல். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வர வேண்டும், அப்போதுதான் மேடும் பள்ளமும் தெரியும். வெளிச்சம் அளக்கும் மீட்டர் முள் சொல்வதைக் கேட்கக் கூடாது, உள்ளே போகும் வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைத்து வைக்க வேண்டும். படம் கொஞ்சம் இருட்டாக வரும். வரட்டும். சிவப்பு பிழைத்துக்கொள்ளும்.

எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் பன்னிரண்டாவது படம் அப்படி வந்தது?

பொய் எழுதமாட்டேன் என்று சொன்னேன். அதனால் இதையும் எழுத வேண்டும். அன்றைக்குக் காற்று இல்லை. எரும என்று ஐந்தாவது தடவை சொன்னபோது குடையை நான்தான் நாலு விரல் நகர்த்தினேன். பூமேல் வெயில் விழுந்தது. அவர் கேமராக் கண்ணாடிக்குள் குனிந்திருந்ததால் கவனிக்கவில்லை. கெட்டுப்போகட்டும் என்று நினைத்தேன். படம் கெட்டது. அவர் சங்கத்தில் சிரித்தார். அம்மா வாசலில் நின்று கேட்டாள்.

குழாயை எடுத்தது அவர்தான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் சாப்பிட முடியவில்லை.

செப்டம்பர் 25, ஞாயிறு

குடையை ஒரு மயிரிழைகூட நகர்த்தவில்லை. அப்பா, "இன்னிக்குத்தான் மனுஷி மாதிரி புடிச்ச" என்றார்.

நான் பூவையே பார்த்துக்கொண்டு நின்றேன். குடையைத் தலைக்கு நேரே பிடித்தால் பூ மந்தமாகிவிடுகிறது. கொஞ்சம் சாய்த்து, கிழக்கே மட்டும் திறந்துவிட்டால் ஒவ்வொரு நரம்பும் எழுந்து நிற்கிறது. எங்கள் வீட்டில் அப்படி வெளிச்சம் விழும் இடம் அடுப்படி. கிழக்கு ஜன்னல், வெளியே முருங்கை மரம். காலை எட்டரை மணிக்கு வெயில் நேராக விழாது, இலைக்குப் பின்னால் நிற்கும்.

அம்மா உட்காரும் முக்காலியை யாரும் பார்க்காதபோது ஒரு முழம் தள்ளிப்போட்டேன்.

அக்டோபர் 4, செவ்வாய்

முதுகு. பதினோரு தடவை. எண்ணினேன்.

அக்டோபர் 5, புதன்

காலாண்டு விடுமுறை. கேமராவில் முப்பத்திரண்டு முடிந்திருந்தது. அப்பா காலையில் நாலு படம் எடுத்தார். நான் குடையைப் பிடித்தேன். கை ஆடவில்லை. "ஆண்டு விழாவுக்கு இந்த ரோல்தான். கப்பு நமக்குத்தான்" என்று என் தலையைத் தட்டினார். தட்டின இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். பிறகு அடுப்படிக்குப் போனேன்.

"அம்மா, முக்காலில உக்காரு. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் திரும்பி."

"எதுக்குடி?"

"முதுகக் காட்டு. மாமாவுக்கு."

அவள் என் கையிலிருந்த கேமராவைப் பார்த்தாள். அடுப்பில் பால் முனகத் தொடங்கியது. அவள் அடுப்பை அணைக்கவில்லை, திரியை இறக்கினாள். முக்காலியில் உட்கார்ந்து, திரும்பி, முந்தானையை முன்னால் இழுத்துக்கொண்டு ரவிக்கையை இறக்கிவிட்டாள்.

"சீக்கிரம். பால் பொங்கிரும்."

நான் அழவில்லை. அழுதால் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியாது. மீட்டர் முள் ஒன்றைச் சொன்னது. நான் அரை ஸ்டாப் குறைத்தேன். இரண்டு இரண்டாக எல்லாக் கோடும் தெரிந்தது. நடுவில் வெளுப்பு. ஒரு இடத்தில் குழாயின் வாய்ப்பூண் பட்டு வட்டமாக ஓர் அடையாளம். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இருப்பது ஒரே ஒரு படம்.

"ஆச்சா?"

"ஆச்சும்மா."

அவள் ரவிக்கையை ஏற்றிக்கொண்டு போய்ப் பாலை இறக்கினாள். "டீ குடிக்கறயா?" என்றாள்.

அக்டோபர் 14, வெள்ளி

இன்று நான் செத்துப் பிழைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் ஸ்கூட்டர் நிற்கிறது. அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். கூடத்து மேஜைமேல் பெட்டி திறந்து கிடக்கிறது. படங்களை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்க்கிறார்.

"தமயந்தி! இங்க வா. இதப் பாரு. நரம்பு ஒவ்வொண்ணும் தெரியுதா? சிவப்ப ஜெயிச்சாச்சு!"

"தெரியுதுப்பா."

மேஜையில் எண்ணினேன். முப்பத்தாறு. இன்னொரு தடவை எண்ணினேன். முப்பத்தாறுதான்.

அடுப்படியில் இட்லிக் குண்டான் வெறும் தண்ணீரோடு அடுப்பில் இருந்தது. இட்லி ஊற்றவில்லை. அம்மா என் புத்தகப் பையைக் கண்ணால் காட்டிவிட்டு வெங்காயம் உரித்தாள். ஜியோமெட்ரி பெட்டிக்குள் பாகைமானிக்கு அடியில் அது இருந்தது.

குளியலறையில் விளக்குக்கு நேராகப் பிடித்து இப்போதுதான் பார்த்தேன். எல்லாம் வந்திருக்கிறது. எல்லாம்.

அக்டோபர் 20, வியாழன்

ஆறு நாளாகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். தபாலில் மாமாவுக்கு அனுப்பலாம். மாமா என்ன செய்வார்? தபால்தலை அளவு படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றும் புரியாமல், அடுத்த தெருப் பலசரக்குக் கடைப் போனிலிருந்து வங்கிக்குப் பேசுவார்: "மாப்ள, பாப்பா என்னமோ படம் அனுப்பியிருக்குதுங்க, என்னங்க இது?"

பெரிதாகக் காட்ட வேண்டும். புரொஜெக்டர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா. குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்குக் கப் தருகிறார்கள் என்பதால் மாமாவும் வருகிறார். அப்பாவின் எட்டு ஸ்லைடுகளும் தட்டில் அடுக்கிக் கூடத்து அலமாரியில் இருக்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டு இதை வைத்தால் போதும்.

இரண்டு தடவை அலமாரி வரைக்கும் போனேன். இரண்டு தடவையும் திரும்பிவந்தேன். எனக்குக் கோபம் இருக்கும் அளவுக்குத் தைரியம் இல்லை.

அக்டோபர் 22, சனி

ஜியோமெட்ரி பெட்டியில் படம் இல்லை. பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். இல்லை. அப்பா எடுத்துவிட்டார். அவர் ராத்திரி சாப்பிடும்போது ஒன்றும் சொல்லவில்லை. விழா முடியட்டும் என்று வைத்திருக்கிறார். நாளைக்கு ராத்திரி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த நோட்டை எங்கே வைப்பது?

அக்டோபர் 23, ஞாயிறு

ராசிபுரம். மாமா வீட்டுக் கூடம். மணி பன்னிரண்டு. விளக்கை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சங்கத்து ஹாலில் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். அம்மா புளியோதரைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள். மாமா முன்வரிசையில், அப்பா பக்கத்தில். விளக்கை அணைத்தார்கள். டாக்டர் அருளப்பன்தான் புரொஜெக்டரை இயக்கினார். செம்பருத்தி ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். ஆறாவதுக்கு மாமா எழுந்து நின்று தட்டினார்.

ஏழாவது. க்ளிக்.

சுவர் முழுக்கச் சிவப்புக் கோடுகள். முதலில் யாருக்கும் புரியவில்லை.

"அடடா! இதுதான் சார் சிவப்பு!" டாக்டர் கத்தினார். "ஒவ்வொரு கோடும் தனித்தனியா நிக்குது பாருங்க! நடுவுல வெளுப்புகூட விழுந்திருக்கு. என்ன பூ சார் இது?"

இதை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த நொடியில் எனக்குப் பெருமையாக இருந்தது. சே.

என் பக்கத்தில் தூக்கு தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"பூ இல்லீங்க டாக்டர்" என்றாள் அம்மா. எழுந்து நின்றிருந்தாள். "என் முதுகு."

அம்மா சுவரைக் கை நீட்டிக் காட்டினாள்.

"ரோஜாவுக்குத் தண்ணி விடற டியூபுங்க. அதோ அந்த வட்டம், அது டியூபு வாயி."

"மங்கை, உக்காரு" என்றார் அப்பா. பிறகு எல்லாரையும் பார்த்துச் சிரித்தார், அதே சிரிப்பு. "அவளுக்குத் தோல்ல ஒரு வியாதி. டாக்டர்கிட்ட காட்டறதுக்கு எடுத்தது, தப்பாக் கலந்திருச்சு." சொல்லிக்கொண்டே புரொஜெக்டர் வயரைப் பிடுங்கப் போனார்.

"அணைக்காதீங்க மாப்ள" என்றார் மாமா. "நான் இன்னும் பாக்கல."

மாமா சுவர் வரைக்கும் நடந்து போனார். அவர் சட்டைமேல், முகத்தின்மேல் எல்லாம் அம்மாவின் முதுகு விழுந்தது. கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, ஒரு கோட்டின்மேல் ஒரு விரலையும் அதன் ஜோடிமேல் இன்னொரு விரலையும் வைத்தார். அப்படியே அடுத்த ஜோடி. அடுத்த ஜோடி. டாக்டர் சுவிட்சின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார், அப்பா தொட முடியாதபடி.

"வியாதி ரெண்டு ரெண்டு கோடாவா வரும் மாப்ள?"

அப்பா என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, யார் எடுத்த படம் என்று கேட்காமலே அவருக்குத் தெரிந்தது. நான் தலை குனியவில்லை.

மாமா அம்மா முன்னால் வந்து நின்று, "அன்னிக்கு நீ காட்டுனயே மங்கா" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். அம்மா அவருக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "வீட்டுல போய் எங்க துணிமணிய எடுத்துக்கிட்டு வாங்கண்ணா. நாங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கறோம்" என்றாள்.

பஸ்ஸில் கேட்டேன். "நீயாம்மா வச்ச?"

"பின்ன? புளியோதரை கட்டறப்ப."

"தலைகீழா விழாம எப்படி வச்ச?"

"பதினாறு வருஷமா அந்த அலமாரியத் துடைக்கறவ நான். மூலையில செவப்புப் பொட்டு எந்தப் பக்கம் இருக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

அக்டோபர் 24, திங்கள்

என் கோபம் போகவில்லை. மாமா காலையிலிருந்து என்னிடம், "கண்ணு, இன்னொரு இட்லி வச்சுக்க" என்கிறார். வைத்துக்கொண்டேன். மன்னிக்கவில்லை. அப்பா வங்கிக்கு இன்றும் போயிருப்பார். யாராவது அவருக்கு வணக்கம் வைத்திருப்பார்கள். அதை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மாமா நேற்று எடுத்துவந்த மூட்டையில் என் பாவாடைகள், அம்மாவின் புடவைகள், பள்ளிப் பை, கூடவே அந்தக் கறுப்புக் குடை. எப்போதும் என் கையிலேயே பார்த்ததால் அது என்னுடையது என்று நினைத்துவிட்டாராம். அதைத் தெருவில் வீசப் போனேன். மழை பிடித்துக்கொண்டது.

போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க வேண்டும். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றார். டாக்டர் நேற்று கழற்றிக் கொடுத்த படத்தை அம்மா ஒரு காகிதத்தில் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். நான் பழக்கத்தில் குடையை விரித்து அவள் தலைக்குமேல் பிடித்தேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். அவள் கை ஆடவே இல்லை.